ஏத்து, எறக்கு

என் கணவருக்கு முதலில் தொலைந்தது சர்க்கரை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை என் பக்கம் நீட்டி, "உப்பு பத்தல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உப்பு... உப்பு" என்று மறுபடியும் சொன்னார். சொல்லும்போதே முகம் சுருங்கியது. தப்பான வார்த்தை என்று அவர் காதுக்கே தெரிந்தது. தெரிந்தும் அதைத் தாண்டிப் போக வழியில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்துக் காட்டினேன். "ஆங், அதான்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி செய்யும் ஆலை ஒன்றில், கம்பிக் கட்டுகளை லாரியில் ஏற்றும் யார்டில் அவருக்கு வேலை. மேலே கிரேன் ஓட்டுபவர் ஒருவர். கீழே நின்று அவருக்கு வழி சொல்பவர் ஒருவர். என் கணவர் கீழே நிற்பவர். சிக்னல்காரர் என்பார்கள். கட்டு மேலே போக "ஏத்து" என்று கத்த வேண்டும், கீழே வர "எறக்கு", நடுவில் "நிறுத்து". கூடவே விரலை மேலேயோ கீழேயோ காட்டிச் சுற்ற வேண்டும். இந்த மூன்று வார்த்தையில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. ஒரு நாள் அந்த யார்டிலேயே வாய் கோணி விழுந்தார். பக்கவாதம். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, கை தேறி, கால் தேறி, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கித் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்து வந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயமாம். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டைப் பாடிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் அந்தப் பாட்டு தொண்டையிலேயே நின்றிருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். மின்சார யூனிட் ரயிலில் கணவரை அழைத்துக்கொண்டு அவரிடம் போவேன். நான் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். போகிற நாளுக்கெல்லாம் லீவு போட வேண்டும். டாக்டரம்மா படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். பல்லியைக் காட்டினால் இவர் ஓணான் என்பார். பூட்டைக் காட்டினால் சாவி. சீப்பைக் காட்டினால் கண்ணாடி. மேஜையைப் பார்த்துப் பல்லி என்றோ, பூட்டைப் பார்த்து வாழைப்பழம் என்றோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தப்பிலும் ஒரு ஒழுங்கு இருந்தது.

"அவருக்குப் பொருள் நல்லாத் தெரியுதும்மா," என்றார் டாக்டரம்மா. "பொருள் தெரியறதாலதான் இந்தச் சிக்கலே. தேடிக்கிட்டு சரியான எடத்துக்குத்தான் போறாரு. அங்க பக்கத்துல இருக்கற வார்த்தை முந்திக்கிட்டு வந்துடுது."

பொருள் என்றால் சாமான். பொருள் என்றால் அர்த்தம். ரயிலில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சாமான் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது, அர்த்தமும் அவர் தலைக்குள் வைத்த இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் போய்வரும் வார்த்தைதான் தடுமாறியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை மட்டும் அவருக்குப் பிசகவே இல்லை. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் "சீக்கிரம் ஏறுய்யா" என்று முதுகில் கை வைத்தபோது, கண்டக்டரின் பரம்பரையையே இழுத்து அழகாகக் கோவையாகத் திட்டினார். ஒரு சொல் இடம் மாறவில்லை. எனக்கு மானம் போனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதேபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் மடமடவென்று எண்ணுவார். யாராவது "எப்படிக் கீறே?" என்று கேட்டால் "சூப்பரா கீறேன்" என்பார். பழக்கத்தில் வருவது தானாக வரும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன்.

வார்த்தைகள் ஜோடி ஜோடியாகக் கெட்டன. மேலே, கீழே. உள்ளே, வெளியே. குடு, வாங்கு. நேற்று, நாளை. கடைக்காரரிடம் காசை நீட்டிக்கொண்டு "வாங்கு, வாங்கு" என்று நிற்பார்; கடைக்காரர் வாங்கிக்கொள்வார்; இவர் கேட்டது பால் பாக்கெட். ஒரு மணி நேரம் பேஜாரு பண்ணிவிட்டு வெறுங்கையோடு வருவார். வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆறாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளை அவர் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். முதல் சில நாள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "அப்பாவுக்கு நான் யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப ஏன் சொல்ல மாட்டேங்குது?" என்றாள். தெரிவதும் சொல்வதும் வேறு வேறு என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பொன்னேரியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தபோது, என் கணவர் காதில் விழும்படியே, "நீ புள்ளைய கூட்டிகினு அங்க வந்துடு. இவர இவங்க ஊட்டு ஆளுங்க பாத்துப்பாங்க. எத்தினி நாளைக்கு நீ ஒருத்தியே மாரடிச்சிகினு இருப்பே?" என்றார். நான் நாஷ்டா எடுத்து வைத்தேன். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவருடைய கிரேன் ஆபரேட்டர் வீட்டுக்கு வந்தார். மேலே இருப்பவரும் கீழே இருப்பவருமாக ரொம்ப வருஷப் பழக்கம் இருவருக்கும். என்னை அண்ணி என்பார்.

"அண்ணி, கம்பெனில பேசிட்டேன். சேஃப்டி ஆபீசர் முன்னாடி நின்னுகினு கொஞ்ச நேரம் லோடு ஏத்தி எறக்கிக் காட்டட்டும்ன்றாங்க. காட்டிட்டா மறுநாளே டூட்டிக்கு வரலாம். இல்லாங்காட்டி கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க."

"வாய மூடிகினு கைய மட்டும் காட்டுனா போதாதாப்பா?" என்று கேட்டேன்.

"லாரிக்கு அந்தாண்ட நின்னா கை எனக்குத் தெரியாது அண்ணி. கொரலுதான்."

"வேற வேல எதுனா? வாட்ச்மேன் மாதிரி?"

"கேட்டுல வர்றவன் பேரக் கேட்டு, வண்டி நம்பரக் கேட்டு, உள்ள போன்ல சொல்லணுமே."

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் இடையில் புகுந்தார். "சூப்பரா பண்ணிடுவேன்," என்றார். தெளிவாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு இரும்புக் குழாய் குறுக்கே போட்டிருந்தது. அதன் மேல் நைலான் கயிற்றைப் போட்டு, நுனியில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கட்டினேன். நான்தான் கிரேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நிற்பேன், கை தெரியக்கூடாது என்பதற்காக. அவர் "ஏத்து" என்றால் இழுப்பேன். "எறக்கு" என்றால் விடுவேன். முதல் நாள் பக்கெட் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. அவர் எறக்கு என்று சொல்லிவிட்டு, பக்கெட் இறங்குவதைப் பார்த்து, "இல்ல இல்ல, எறக்கு" என்பார். திரும்பிப் பார்த்தால் விரல் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கை ஒரு தடவையும் தப்பவில்லை. அந்த வாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் கையை வைத்துப் பேசவைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாமே, புருசனும் பொண்டாட்டியும் வெளையாடிகினு கீறீங்க," என்றாள். "ஆமா, நீயும் வந்து தொங்கு, எறக்கி விடுறோம்," என்றேன். அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

தினமும் நான் கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சுற்று, சாயங்காலம் திரும்பி வந்து ஒரு சுற்று. ஏத்து, நிறுத்து, எறக்கு, நிறுத்து. என் உள்ளங்கை கயிற்றில் உரிந்துபோனது. மகள் பள்ளிப் பாடம் படிப்பதை விட்டுவிட்டு வந்து கூடவே சொல்லுவாள். வாய்ப்பாடு மாதிரி மூன்று பேரும் சொல்லிச் சொல்லி, மெல்ல மெல்லத் தப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன். அப்போதும் சரியாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு முன்னால் நாங்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

டெஸ்ட் நாளில் நானும் கூடப் போனேன். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் என்னை உட்கார வைத்துத் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். சேஃப்டி ஆபீசர் நல்ல மனிதர். என் கணவரிடம் பேசும்போது அவசரப்படாமல், முகத்தைப் பார்த்துப் பேசினார். காலி லாரி ஒன்று வந்து நின்றது. என் கணவர் லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கிரேன் மேலே நகர்ந்து வந்தது. அதற்குப் பிறகு அவருடைய குரல்தான் எனக்குக் கேட்டது.

"ஏத்து."

கட்டு எழும்பியது.

"நிறுத்து. எறக்கு. எறக்கு. நிறுத்து."

கட்டு லாரிக்குள் பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஆபீசர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது கட்டு மேலே தொங்கியபோது, லாரிக்குள் நின்றிருந்த லோடுமேன் ஒருவர், அடியில் வைத்த மரக்கட்டை நகர்ந்துவிட்டது என்று அதைச் சரி செய்யக் குனிந்தார். கட்டு அவர் தலைக்கு நேர் மேலே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அது தெரிந்தது. என் கணவருக்கும் தெரிந்திருக்கிறது.

"எறக்கு," என்று கத்தினார். "எறக்கு, எறக்கு, எறக்கு."

அந்த மாதிரி ஒரு குரலை நான் அவரிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கை மேலே பார்த்துச் சுற்றுகிறது, வாய் எறக்கு என்று அலறுகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கிரேன் அப்படியே நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேட்டர் கீழே இறங்கி வந்தார். "கொரல்ல பயம் இருந்துச்சு அண்ணி," என்றார். "எறக்குன்றவன் எதுக்குப் பயந்துகினு சொல்றான்னு லீவர்லருந்து கைய எடுத்துட்டேன். வேற ஆளா இருந்தா எறக்கிருப்பான்."

ஆபீசர் என்னிடம்தான் வந்தார். "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா கீழ நிக்கறவங்க உயிரை நான் எப்படி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முடித்திருந்தால்கூட நான் ஒத்துக்கொண்டிருப்பேன். ஒத்துக்கொள்ள முடிந்ததுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. சண்டை போடவும் ஆள் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது எனக்குப் புரிந்தது. பக்கெட்டில் எதுவும் இல்லை. தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். விழுந்தாலும் ஒருவர் மண்டையும் உடையாது. அதனால் அவர் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிதான் ஒப்பித்திருக்கிறார், கண்டக்டரைத் திட்டிய மாதிரி, சூப்பரா கீறேன் என்று சொல்கிற மாதிரி. யார்டில் முதல் இரண்டு கட்டும் அப்படித்தான். ஒரு மனிதனின் தலை அடியில் வந்து, உண்மையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டி வந்ததும் வார்த்தை தலைகீழாகிவிட்டது. மனதில் இல்லாமல் சொன்னால் சரியாக வரும். மனதாரச் சொன்னால் மாறிப்போகும். எவ்வளவுக்கு எவ்வளவு மனதாரச் சொல்கிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு மாறிப்போகும். அப்படியானால் இந்த மனிதர் இனிமேல் என்னிடம் சரியாகப் பேசும் ஒவ்வொரு பேச்சும் வெறும் பேச்சு. நடுரோட்டில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. எளாவூர்ப் பக்கமிருந்து வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அழுதாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது. அழவில்லை.

பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் ஜன்னல் பக்கம். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹைவேயில் பஸ் வேகம் பிடித்த பிறகு என் பக்கம் திரும்பினார். உதடு முதலில் சும்மா அசைந்தது. எதையோ எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார் என்று தெரிந்தது. பிறகு சொன்னார்.

"நீ போய்டு."

மெதுவாக, என் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னார்.

என் அண்ணன் சொன்னதை அவர் மறக்கவில்லை. வேலையும் இல்லை, பேச்சும் இல்லை, நீயாவது புள்ளையைக் கூட்டிக்கொண்டு பிழைத்துக்கொள் என்று சொல்கிற மனிதர்தான் அவர். அப்படியும் இருக்கலாம். இல்லை, போயிடாதே, இரு என்று கெஞ்சியிருக்கலாம். வாழ்க்கையிலேயே அவ்வளவு மனதார அவர் என்னிடம் எதையும் சொன்னதில்லை. அப்படியானால் அந்த வார்த்தை நிச்சயம் மாறித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நிச்சயம் என்று எதை வைத்துச் சொல்வது? பத்தில் ஒன்று சரியாகவும் வரும். கை என்ன சொல்கிறது என்று குனிந்து பார்த்தேன். பஸ் ஆட்டத்துக்குப் பயந்து, இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியாது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த வருஷங்கள் எல்லாம் கூடவே இருந்தேன். கூடவே இருந்ததில் அவருக்குச் சந்தோஷமா, சங்கடமா என்று எனக்குத் தெரியவே இல்லை. கேட்டிருக்கலாம். பல தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் "ஆமா" என்பார், அல்லது "இல்ல" என்பார். எது வந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் கேட்கவில்லை.